பி-ஒன்பதாம் ஜன்னல்

கத்திரியக்காவுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டைக்குள் அலுங்காமல் இருந்தது. பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்த நாளிலிருந்து தெருவுக்கு அவள் கத்திரியக்கா; கட்டியவருக்கு வெறும் கத்திரி. கடை சின்னது. இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி. மூன்றாவது கண்ணாடி, மற்ற இரண்டில் ஒன்று உடைந்தால் ஆகும் என்று வாங்கியது. இருபத்தாறு வருஷமாகியும் எதுவும் உடையவில்லை. முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் உண்டு. அவள் தலையைப் பார்த்து எடைபோடுவாள். பெரும்பாலும் தப்பாது.

அவளுக்கு முடக்குவாதம் வந்தது. தேய்மானத்தால் வரும் மூட்டுவலி இல்லை இது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக்காரரைப் பிடித்து மொத்துகிற ரகம் என்று டாக்டர் விளக்கினார். காலையில் எழுந்தால் பத்து விரலும் ஆளுக்கொரு பக்கம் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு மணி நேரம் வெந்நீரில் வைத்துக் கெஞ்சினால்தான் அவற்றுக்குள் பேச்சுவார்த்தை தொடங்கும். அப்படி ஒரு நாள், பள்ளிக்கூட வாத்தியாரம்மாவின் நெற்றிமுடியை வெட்டிக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் பாதியில் மக்கர் பண்ணியது. முடி ஒரு புருவத்தில் தொடங்கி மறு காதுக்குச் சரிந்து இறங்கியது. வாத்தியாரம்மா தங்கமானவர், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதே பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பேர் வந்து தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். அதுதான் பெரிய சோதனையாகப் போயிற்று. வேண்டுமென்றே அப்படி வெட்ட அவளுக்குத் தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூட்டு டாக்டரம்மா வருவார். தன் முடியைத் தானே வெட்டிக்கொள்கிறவர் என்று பார்த்த மாத்திரத்தில் கத்திரிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கெட்டிக்காரர். வாரம் ஒரு முறை, திங்கள்கிழமை மட்டும் சாப்பிட ஒரு மாத்திரை கொடுத்தார். அது வயிற்றையும் வாயையும் புண்ணாக்காமல் இருக்க, செவ்வாய்க்கிழமை சாப்பிட ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை. இது வேறு எதற்கு என்று கத்திரி பயந்து கேட்டபோது, வெறும் வைட்டமின்தான் என்று சொல்லிச் சிரித்து, அவளுக்குப் புரியட்டும் என்று சீட்டில் அதற்குப் பக்கத்திலேயே ‘வைட்டமின்’ என்றும் எழுதிவைத்தார். ஒரு வார்த்தை. பாவம், நல்லெண்ணத்தில் எழுதியதுதான்.

ஆறு மாதம் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஏழாவது மாதம் மாத்திரை வாங்கப் போனபோது மருந்து ஜன்னல்காரர், வகிடு ரூலர் வைத்துக் கிழித்தது போல் இருப்பவர், சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"இதுல ஒண்ணு மருந்து இல்லைங்க. வைட்டமின். வைட்டமின் எல்லாம் ஒண்ணாம் தேதியிலேர்ந்து மூணாவது மாடிக்குப் போயிடுச்சு."

அப்படியானால் திங்கள்கிழமை மாத்திரையை மட்டுமாவது தாருங்கள் என்றாள். தனியாகக் கொடுத்தால் ஆபத்து, ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி என்றார் அவர். சரி, ஜோடியாகவே கொடுங்கள் என்றாள். ஜோடியில் ஒன்று தன்னிடம் இல்லையே என்றார். அவர் தலைக்குப் பின்னாலிருந்த தட்டில் மஞ்சள் மாத்திரை டப்பாக்கள் மேல்கூரை வரை அடுக்கியிருந்தன. அந்தப் பக்கம் திரும்பாமலே வேலை பார்க்க அவர் பழகியிருந்தார்.

கத்திரி எதிர்ச்சாரியிலிருந்த மருந்துக் கடைக்குப் போய் மஞ்சள் மாத்திரையைக் கையோடு வாங்கிவந்து காட்டினாள். ஜன்னல்காரர் அதை உண்மையான அனுதாபத்தோடு பார்த்தார். வெளியே வாங்கியது வெளிவைட்டமின். உள்ளே கொடுக்கிற மாத்திரையோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று விளக்கினார். டாக்டரம்மா வர இன்னும் பத்து வாரம் இருந்தது.

மூன்றாவது மாடியில் ஊட்டச்சத்து நெறிப்படுத்தல் துறை. பல வருஷமாக நோயாளிகளுக்கு அறிவுரை மட்டும் வழங்கிவந்த துறை. யாரும் அதைக் கேட்டதில்லை என்பதால் யாருக்கும் கெடுதலும் இல்லை. இப்போதுதான் அதன் கையில் வைட்டமின்களை ஒப்படைத்திருந்தார்கள். ஏ-யில் தொடங்கி கே வரைக்கும் வரிசையாகக் கதவுகள். பி-க்கு மட்டும் ஒரு தனி நடைபாதை, அதில் பன்னிரண்டு ஜன்னல்கள். மஞ்சள் மாத்திரை பி-ஒன்பதில் வரும் என்று வாசலில் இருந்த அம்மாள் சொன்னார்.

பி-ஒன்று, பி-இரண்டு, பி-மூன்று ஜன்னல்களில் ‘வெளியே சென்றுள்ளார்’ என்று அட்டை தொங்கியது. பி-நான்கில் ஓர் அதிகாரி பளிச்சென்று உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியை வாரந்தோறும் ஒழுங்காக வெட்டிக்கொள்கிறவர். அவரிடம் வழி கேட்டபோதுதான் கத்திரிக்குச் சங்கதி தெரிந்தது. பி-நான்கு, பி-எட்டு, பி-பத்து, பி-பதினொன்று என்று வைட்டமின்களே கிடையாது. ஒரு காலத்தில் உண்டு என்று நினைத்து வரிசையில் சேர்த்தார்களாம். பிறகு அவை வைட்டமின் இல்லை என்று தெரிந்து விஞ்ஞானிகள் நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் பணியிடம் உண்டாகிவிட்டது. வைட்டமினை நீக்க விஞ்ஞானிகள் போதும், பணியிடத்தை நீக்க வேறு ஆட்கள் வர வேண்டும்.

"இருபத்திரண்டு வருஷமா நான் பி-நாலு," என்றார் அவர், அடக்கமாக. "இது வரைக்கும் என் வைட்டமின் மேல ஒரு புகார் கிடையாது."

இல்லாத வைட்டமின்களின் ஜன்னல்கள் நான்கும் சரியான நேரத்துக்குத் திறந்து, சரியான நேரத்துக்கு மூடின. பி-ஒன்பது மட்டும் காலியாக இருந்தது. நாற்காலி உண்டு, மேஜை உண்டு, முத்திரை, மைப்பெட்டி எல்லாம் உண்டு. ஆள் மட்டும் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பொறுப்பை அக்கம்பக்கத்துக்குப் பங்கிட்டிருந்தார்கள். பி-எட்டு மனுவை வாங்கிக்கொள்ளலாம், படிக்கக் கூடாது. பி-பத்து படிக்கலாம், வாங்கிக்கொள்ளக் கூடாது. முத்திரை போட இருவருக்குமே உரிமை இல்லை. எப்படியும் ஏ-யில் தொடங்கி முழுச்சுற்று முடித்துவிட்டு வந்தால் வழி பிறக்கும் என்று பி-பத்து ஆறுதல் சொன்னார். அவருக்குப் பேச ஆள் கிடைத்ததே பெரிய சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லி அழாத குறையாக உட்கார்ந்தாள். அவள் கணவர் முப்பத்தொரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பரிசோதகர் என்றே பெயர். டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை முழுசாகப் படித்த ஒரே மனிதர். மனைவி சொன்னதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்றார். அன்றைக்கே ஒரு கோப்பு வாங்கி, அதன் மேல் அவள் பெயரை, அடையாள அட்டையில் இருக்கிற பெயரை, அழகாக எழுதினார். யாரோ ஒருத்திக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் கத்திரிக்குத் தோன்றும்.

முழுச்சுற்று தொடங்கியது.

ஏ-யில் பார்வைப் பரிசோதனை. அதிகாரி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அவள் மூன்று என்றாள். தான் எத்தனை காட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் இருவரும் பேசி நான்கு என்று முடிவுக்கு வந்தார்கள்.

சி-யில் தினம் ஒரு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து ஜன்னலுக்கு முன்னால் நின்று சாப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் எதிர்க்கதவு தவிர்ப்புப் பிரிவு. புளிப்பு மூட்டுக்கு ஆகாது என்று யாரோ சொன்னதாக யாரோ சொல்லி, அங்கே ஆரஞ்சுக்குத் தடை. இரு பிரிவும் கூடிப் பேசிச் சமரசத்துக்கு வந்தன: நோயாளி ஆரஞ்சு கொண்டுவரலாம், ஆனால் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டதாகக் கருதப்படும். அவளால் உரிக்க முடியாததால் சி அதிகாரியே உரித்து, வீணாக வேண்டாமே என்று அவள் சார்பாக அவரே சாப்பிட்டார். அந்த வரிசையில் அறுபது பேர். அவருக்கு ஜலதோஷமே வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

டி கீழே, நிலவறையில் இருந்தது. வெயிலுக்கான பிரிவு. கோப்புகள் வெளுத்துவிடும் என்று ஜன்னல் இல்லாத அறையாகப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். அதிகாரி வெள்ளரிக்காய் நிறத்தில் இருந்தார், எழுந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அங்கீகரிக்கப்பட்ட வெயில் கட்டடத்தின் நடுமுற்றத்தில் பதினொன்று நாற்பதிலிருந்து பதினொன்று ஐம்பத்திரண்டு வரை விழும். அதில் பத்து நாள் நிற்க வேண்டும். வீட்டு வாசலில் காய்ந்தால் செல்லாது. நான்கு நாள் மேகம் வந்து மறைத்தது. பதிவேட்டில் அந்த நாட்களுக்கு நேராக ‘வெயில் விடுப்பு’ என்று எழுதினார் அதிகாரி. முன்கூட்டிச் சொல்லாமல் எடுத்த விடுப்பு என்று சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டார்.

எல்லாவற்றையும்விட மேலானது படிவம். விரல்களின் நிலையைப் பற்றி எட்டுப் பக்கம். நோயாளி தன் கைப்படக் கட்டத்துக்குள் அடங்க எழுத வேண்டும். அப்படி எழுத முடிந்தால் விரல்கள் நன்றாக இருக்கின்றன என்று பொருள், மாத்திரை தேவையில்லை. எழுத முடியாவிட்டால் படிவம் முழுமையாகவில்லை என்று பொருள், மாத்திரை கிடையாது. கத்திரி ஒரு நாள் முழுவதும் அதோடு போராடி, முதல் கட்டத்தில் ஒரு கோடும் இரண்டாவதில் பாதி வட்டமும் போட்டாள். அதிகாரி அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் எழுத முடிகிறது, கொஞ்சம் முடியவில்லை, இது எந்த வகையிலும் சேராதே என்று மனம் நொந்தார்.

வீட்டில் வேறு கூத்து. தவிர்ப்புப் பிரிவு வாரம் ஒரு பட்டியல் அனுப்பும். பரிசோதகர் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து, அடுப்பில் ஏறுகிற ஒவ்வொன்றையும் பயணி மாதிரி நிறுத்தி விசாரிப்பார். தக்காளி போயிற்று. உருளைக்கிழங்கு போயிற்று. பால், முட்டை, மாமிசம், கோதுமை, பச்சைமிளகாய் என்று ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. மூன்றாவது வாரம் கத்திரிக்காய். அன்றைக்கு அவர் பட்டியலைப் படித்துவிட்டு மனைவியைக் கொஞ்ச நேரம் சங்கடத்தோடு பார்த்தார். ஐந்தாவது வாரம் மிஞ்சியது வேகவைத்த பூசணிக்காயும் தண்ணீரும். தண்ணீரைப் பற்றி ஆய்வு நடப்பதாக அடிக்குறிப்பு இருந்தது.

கட்டிய மனைவி பத்தியம் இருக்கும்போது தான் மட்டும் ருசியாகச் சாப்பிடுவது தர்மமில்லை என்று பரிசோதகரும் பூசணிக்காயே சாப்பிட்டார். ஒரு நாள் கடையிலிருந்து சீக்கிரம் திரும்பிய கத்திரி, பேருந்து நிறுத்தத்தில் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து உருளைக்கிழங்கு வறுவலை அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வதைக் கண்டாள். தொப்பி எதற்கு? பிடரியில் அந்தச் சுழியை அவள் எத்தனை வருஷம் வெட்டியிருக்கிறாள். அடுத்த தெரு வழியாக வீட்டுக்குப் போனாள். அன்று ராத்திரி அவர் பூசணிக்காயை வெகு தாராளமாக அவள் தட்டிலேயே பரிமாறினார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மாத்திரை இல்லாமல் ஆறு வாரம் போயிருந்தது. மணிக்கட்டு வீங்கியது, பிறகு முழங்கால். கடையை மதியத்துக்கு மேல்தான் திறக்க முடிந்தது. பிறகு அதுவும் முடியாமல் பூட்டினாள். மூன்று கண்ணாடியும் சும்மா ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

ஏழாவது வாரம் திங்கள்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டதே என்று பரிசோதகர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சீப்பு கீழே கிடந்தது. எடுக்க முயன்று தோற்றிருக்கிறாள் என்பது தெரிந்தது. ஊருக்கெல்லாம் தலைவாரி விட்டவள், பறட்டைத் தலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

அவர் சீப்பை எடுத்துத் துடைத்தார். அவள் பின்னால் உட்கார்ந்து வார ஆரம்பித்தார். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. சிக்கு எடுக்கத் தெரியாமல் இழுத்தார். வலித்தாலும் அவள் சொல்லவில்லை. வகிடு நெற்றியில் நேராகக் கிளம்பி உச்சியில் குழம்பி, காதுக்குப் பின்னால் எங்கேயோ போய் முடிந்தது.

"கோணிப் போச்சு கத்திரி," என்றார்.

"பரவாயில்லைங்க. இப்படியே போலாம்."

கோப்பை அவர் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அதை வழக்கம்போல் மார்போடு அணைத்துக்கொள்ளவில்லை, கக்கத்தில் செருகிக்கொண்டார்.

மூன்றாவது மாடியில் அன்று மாதாந்தர ஊக்க உரை. நோயாளிகள் அனைவரும் மண்டபத்தில் நின்று கேட்க வேண்டும். உட்கார்ந்தால் மூட்டு இறுகும் என்று பெஞ்சுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். இயக்குநர் வந்தார். இடது காதுக்கு மேலிருந்து பத்துப் பதினைந்து முடியை வழுக்கைக்குக் குறுக்கே கொண்டுபோய் வலது காதோரம் படிய வைத்திருந்தார். கத்திரியின் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது, கடைசி வரை அதுவேதான் பட்டது.

"வைட்டமின்கள் நமது பொறுப்புக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது," என்றார் இயக்குநர். "பெருமையோடு சொல்கிறேன். இந்த ஏழு வாரத்தில் ஒரு நோயாளிக்குக்கூட ஒரு பக்கவிளைவும் ஏற்படவில்லை. ஏனென்றால் ஒரு மாத்திரைகூட வெளியே போகவில்லை. மருந்துக் கிடங்கு இவ்வளவு நிறைவாக இருந்து நான் பார்த்ததில்லை. முன்பெல்லாம் நோயாளிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் இங்கே வருவார்கள். இப்போது தினமும் வருகிறார்கள். இது நம் மேல் அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைக் காட்டுகிறது. படியேற முடியவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். தினம் ஏறிவந்துதானே அதைச் சொல்கிறார்கள்? இதைவிட நல்ல உடற்பயிற்சி எது?"

பி-நான்கு கைதட்டினார். மற்றவர்களுக்குக் கை மடங்கவில்லை.

உரை முடிந்து பி நடைபாதைக்கு வந்தபோது கத்திரியின் முழங்கால் இனி ஒரு அடி எடுக்க மாட்டேன் என்றது. சுற்றிப் பார்த்தாள். அந்த நடைபாதை முழுவதிலும் காலியாக இருந்தது ஒரே நாற்காலி. அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அதில் உட்கார்ந்தாள். வேறு எண்ணம் எதுவும் அவளுக்கு இல்லை. மூன்று வருஷத் தூசி மெத்தென்றுதான் இருந்தது.

அரை நிமிஷத்தில் ஒரு தாத்தா ஜன்னலில் தலையை நீட்டினார். பி-ஒன்பதா என்று கேட்டார். அவள் நிமிர்ந்து பலகையைப் பார்த்து, ஆமாம், பி-ஒன்பதுதான் என்றாள். உள்ளதைத்தான் சொன்னாள். தாத்தா சீட்டை உள்ளே தள்ளிவிட்டு, கைகளைக் கூப்ப முயன்று, விரல்கள் சேராமல் அப்படியே நின்றார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

சீட்டைப் பார்த்தாள். வாரம் ஒரு மாத்திரை, மறுநாள் மஞ்சள் மாத்திரை, டாக்டரம்மாவின் கையெழுத்து. தன் சீட்டேதான், பெயர்தான் வேறு. காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டாள். இரண்டு மணி நேரம் என்றார். இதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? இழுப்பறையில் முத்திரை இருந்தது. ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் டீக்கோப்பை மாதிரி ஏந்தி, உடம்பின் பாரத்தையே அதன்மேல் சாய்த்து அழுத்தினாள். மை காய்ந்திருந்தாலும் எழுத்து விழுந்தது: பி-ஒன்பது, அனுமதிக்கப்பட்டது.

தாத்தா இறங்கிப் போன வேகத்தைப் பார்த்து அடுத்தவர் வந்தார். அவருக்குப் பின்னால் வால் முளைத்தது.

ஆரஞ்சை சி-யில் கொடுத்துவிட்டு வந்த பரிசோதகர், மனைவி அதிகாரியின் நாற்காலியில் இருப்பதைக் கண்டு சிலையாக நின்றார். பயணி ஒருவர் கார்டின் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கொடியாட்டுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. கண்டிக்க வாயைத் திறந்தார். அவள் அடுத்த சீட்டின் மேல் குனிந்தாள். கோணல்மாணலாகக் கிடந்த வகிடு தெரிந்தது. திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். கோப்பைத் தரையில் வைத்தார். பிறகு முப்பத்தொரு வருஷத்துக் குரலை எடுத்தார்.

"வரிசையா வாங்க. சீட்டைக் கையில எடுத்து வெச்சுக்கங்க. தள்ளாதீங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு."

மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நாற்பத்து மூன்று சீட்டு ஆயிற்று. நாற்பத்து நான்காவது தன்னுடையது. அதற்கும் அதே கேள்வியைத் தன்னிடமே கேட்டுப் பதில் வாங்கிவிட்டுத்தான் குத்தினாள். நடுவில் பி-பத்து டீ கொண்டுவந்து வைத்து, புதிதாக வந்ததற்கு வாழ்த்துச் சொல்லி, பக்கத்தில் ஆளில்லாமல் மூன்று வருஷம் போரடித்துப் போனதை விவரித்தார். மருந்து ஜன்னல்காரர் முத்திரையைப் பார்த்ததும் ஏழு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகக் கழுத்தைத் திருப்பித் தன் பின்னாலிருந்த தட்டைப் பார்த்தார். கழுத்து சுளுக்கிக்கொண்டது என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

வியாழக்கிழமை விசாரணைக்கு அழைப்பு வந்தது. நீளமான மேஜை. நடுவில் இயக்குநர், இரு பக்கமும் ஏ முதல் கே வரை. குற்றம் மூன்று. நாற்காலியில் உட்கார்ந்தது. முத்திரை குத்தியது. மூன்றாவதைப் படிக்கும்போது இயக்குநரின் குரல் நடுங்கியது: அரை நாளில் வரிசையை முடித்துத் துறையின் சராசரியைச் சீர்குலைத்தது.

போலீசுக்குப் போகலாமே என்று கே அதிகாரி கேட்டார். இயக்குநர் வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டினார். போனால் பி-ஒன்பதில் ஆளில்லை என்று எழுத வேண்டி வரும். மாதாமாதம் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையிலெல்லாம் பி-ஒன்பது சிறப்பாகச் செயல்படுவதாக எழுதியாயிற்று. ஆகவே விஷயத்தைச் சுமுகமாக முடிப்போம், நாற்பத்து நான்கு முத்திரைகளையும் ரத்து செய்துவிடுவோம் என்றார். ரத்து செய்வது யார் என்று ஏ கேட்டார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். பி-ஒன்பதின் முத்திரையை ரத்து செய்யும் அதிகாரம் பி-ஒன்பது அதிகாரிக்கு மட்டுமே உண்டு என்று போட்டிருந்தது.

இயக்குநர் ஒரு தாளைக் கத்திரியின் பக்கம் நகர்த்தினார். "நீங்களே அதிகாரிங்கிற முறையில ரத்து பண்ணி ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, எல்லாத்தையும் மறந்துடலாம்மா."

அவள் தாளைப் பார்த்தாள். அந்தத் தாத்தாவின் சேராத கைகள் ஞாபகம் வந்தன. முடியாது என்று எப்படிச் சொல்வது, சொன்னால் என்ன செய்வார்கள் என்று தெரியாமல் விழித்தாள். அப்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பரிசோதகர் எழுந்து நின்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நான் ரயில்ல டிக்கெட் பார்த்தவன் சார்," என்றார். "ஒரு டிக்கெட் செல்லாதுன்னு எழுதணும்னா, எழுதறவன் முதல்ல செல்லணும். இவ அதிகாரின்னா, குத்தின முத்திரை செல்லும், ரத்து பண்ணக் காரணம் இல்லை. அதிகாரி இல்லைன்னா, ரத்து பண்ண இவளுக்கு உரிமை இல்லை. ரெண்டுல உங்களுக்கு எது வேணும்னு எழுத்துல கொடுத்துடுங்க. நாங்க வெளியில உட்கார்ந்திருக்கோம்."

இயக்குநர் விதிப்புத்தகத்தை முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் புரட்டினார்.

"அவர் சொல்றது சரிதான்," என்று ஒரு குரல் கேட்டது. பி-நான்கு. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன முதல் கருத்து அது. சொன்ன பிறகு அவரே கொஞ்சம் திகைத்துப் போனார்.

கடைசியாக நோயாளி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்கள். கத்திரிக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. நான்கு நாளாக நெஞ்சில் கிடந்தது.

"அந்த முடியை அப்படி இழுத்து ஒட்டாதீங்க சார். ஒட்ட வெட்டிட்டா நல்லா இருப்பீங்க."

எழுத்தில் எந்தப் பதிலும் வரவில்லை. நாற்பத்து நான்கு பேருக்கும் முத்திரை செல்லுபடியாயிற்று. வந்த வலி ஒரே நாளில் போய்விடவில்லை. ஆறேழு வாரம் ஆயிற்று, விரல்கள் ஒவ்வொன்றாகச் சமாதானத்துக்கு வர. டாக்டரம்மா வந்தபோது நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பரிசோதகர் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டரம்மா அதை நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். கீரை, மீன், முட்டை, பழம், கொஞ்சம் வெயில், எல்லாம் நல்லதுதான். வாய்க்குப் பிடித்ததை அளவாகச் சாப்பிடுங்கள் என்றார். ஏதாவது ஒன்று சாப்பிட்டு நிஜமாகவே வலி கூடினால் சொல்லுங்கள், பார்க்கலாம். சாப்பாடு மருந்துக்குத் துணையாகப் போகும், பதிலாகப் போகாது. அன்று சாயங்காலம் பரிசோதகர் கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு குழம்பு வைத்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். இருவரும் தட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் சாப்பிட்டார்கள்.

கடை திறந்தது. முதல் வாரமே ஒருவர் முகத்தைக் கைக்குட்டையால் பாதி மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, இது பெண்களுக்கான கடை என்று தனக்குத் தெரியும், ஆனாலும் என்று இழுத்தார். கத்திரி ஒன்றும் கேட்காமல் துணியைப் போர்த்தி ஒட்ட வெட்டிவிட்டாள். பத்து வயது குறைந்து தெரிந்தார். கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாசலை அடைந்ததும் தயங்கி நின்று, காலையில் தனக்கும் விரல்கள் கொஞ்சம் இறுகுவதாகவும், எங்கே போய்ப் பார்ப்பது நல்லது என்றும் கேட்டார்.

துறையும் சும்மா இருக்கவில்லை. இப்படி ஒரு விபரீதம் இனி நடக்காமலிருக்க நடவடிக்கை எடுத்தது. மேஜையை அகற்ற முடியாது, அது பி-ஒன்பதின் சொத்து. முத்திரையைத் தொட முடியாது, அதற்கு பி-ஒன்பதின் அனுமதி வேண்டும். நாற்காலி மட்டும் பொதுப் பிரிவில் வருவதால் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கிடங்கில் பூட்டினார்கள்.

அடுத்த திங்கள்கிழமை, ஒரு நோயாளி தன் வீட்டிலிருந்து முக்காலி கொண்டுவந்திருந்தார்.